பால் (PAL) டிஸ்கை என்டிஎஸ்சி-க்கு (NTSC) மாற்றினால் சீப்புப் பல் கோடுகள் வருவது ஏன்?

கேள்வி: கேமராவில் எடுத்த பால் (இந்தியா, ஐரோப்பாவின் பழைய டிவி முறை) டிவிடி, 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் பழைய டிவி முறை) அளவான 720×480, 29.97-க்கு மாற்றியதும் கை அசைந்தாலே விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு. எங்கே தப்பு?

பதில் 1: இன்டர்லேஸை (ஒரு ஃப்ரேமை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு ஃபீல்டாகப் பிரித்து வைக்கும் முறை) நீக்காமலே உயரத்தைச் சுருக்கியிருக்கிறீர்கள், இரண்டு ஃபீல்டும் கலந்துவிட்டன. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் முதலில் இன்டர்லேஸை நீக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் போட்டு நொடிக்கு 50 முழு ஃப்ரேம் எடுங்கள். பிறகு 480-க்குச் சுருக்கி, 59.94 ஆக்கி, மறுபடி இன்டர்லேஸ் செய்யுங்கள். வரிசை முக்கியம். ஃபீல்டு வரிசையைத் தலைகீழாகக் குறித்தால் அசைவெல்லாம் முன்னும் பின்னும் உதறும்.

பதில் 2: கேமரா வீடியோவுக்கு அது சரி. 24-லிருந்து 25-க்கு வேகம் கூட்டிய சினிமா என்றால் அதைச் செய்யாதீர்கள். 23.976-க்கு வேகத்தைக் குறைத்து புல்டவுன் கொடி (சில ஃபீல்டுகளைத் திரும்பக் காட்டி 29.97 ஆக்கும்படி பிளேயருக்குச் சொல்லும் குறி) போடுங்கள். ஒலியின் வேகத்தையும் அதே அளவு, சுமார் 4.1%, குறைக்க வேண்டும். 100 நிமிடம் 104 நிமிடம் 16 நொடி ஆகும். மறந்தால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

பதில் 3: மாற்றும் முன் பிளேயர் மெனுவைப் பாருங்கள், பல பிளேயர்கள் தாமே மாற்றிக்கொடுக்கும். ரீஜன் கோடு (டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் எண்) வேறு சங்கதி, இதோடு குழப்ப வேண்டாம்.