பழைய பிபிசி ரேடியோவோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் ஏதும் உண்டா?

நானே ஆரம்பிக்கிறேன். லீட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருக்கும் ஒரு பாட்டிக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியத்துக்குள் மறந்துவிடும். ஆனால் 1950களில் ரேடியோவில் எத்தனை மணிக்கு என்ன வரும் என்று கேட்டால் போதும், மளமளவென்று ஒப்பிப்பார். அவர் கதையைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது: அன்றைய நிகழ்ச்சி நிரலைப் போட்டவர்கள், எந்த நேரத்தில் யாருக்குக் கையில் வேலை இருந்து காது சும்மா இருக்கும் என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

காலை ஒன்பது மணி வாக்கில், ஆண்கள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’. தபால் கார்டு எழுதிப் போட்டுப் பாட்டுக் கேட்கலாம். பத்தரைக்கு ‘மியூசிக் வைல் யூ வொர்க்’. பாட்டி கல்யாணத்துக்கு முன் ஒரு தையல் ஆலையில் வேலை செய்தவர். கூடத்து ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் இடைவிடாமல் வாத்திய இசை ஓடுமாம், நடுவில் யாரும் பேசமாட்டார்களாம். போர்க்காலத்தில், 1940இல், உற்பத்தி பெருக வேண்டும் என்று தொடங்கியது. தூங்கவைக்கிற மெட்டு கூடாது, கவனத்தை இழுக்கிற மெட்டும் கூடாது. நடுவே கைதட்டு வரும் ஒரு பிரபல பாட்டைத் தடையே செய்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு, கையில் இருக்கிற கருவியால் மேஜையைத் தட்டுவார்கள் என்ற பயம்! இதைச் சொல்லும்போது பாட்டி சாப்பாட்டுத் தட்டில் ஸ்பூனால் நாலு தட்டு தட்டிக் காட்டினார். தாளம் துல்லியம்.

பிள்ளை பிறந்து வீட்டில் இருந்த காலத்தில் நாளே மாறிவிட்டது. 1.45க்கு ‘லிசன் வித் மதர்’: “வசதியாக உட்கார்ந்தாச்சா? அப்படியானால் தொடங்குகிறேன்” என்று கால் மணி நேரக் கதை. பிள்ளை கண் அயர்ந்ததும் இரண்டு மணிக்கு ‘உமன்ஸ் அவர்’. (1946 அக்டோபரில் இது தொடங்கியபோது தொகுத்து வழங்கியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண். பெண்கள் நிகழ்ச்சிக்கு!) நாலு மணித் தேநீரோடு, மிஸஸ் டேல் என்ற டாக்டர் மனைவியின் கதையைச் சொல்லும் தொடர் நாடகம். மாலை 6.45க்கு ‘ஆர்ச்சர்ஸ்’.

ஆர்ச்சர்ஸ் என்றாலே பாட்டிக்கு இன்னும் கோபம் வரும். உணவு ரேஷன் இன்னும் முடியாத 1951இல் நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கிய நாடகம் அது. விவசாயிகளுக்கான யோசனைகளைக் கதைக்குள் கலந்து கொடுப்பதுதான் நோக்கம். 1955 செப்டம்பர் 22 இரவு, லாயத்தில் தீப்பிடித்து, குதிரையைக் காப்பாற்றப் போன கிரேஸ் என்ற கதாபாத்திரம் செத்துப்போகிறாள். பிபிசிக்குப் போட்டியாக வந்த ஐடிவி தொலைக்காட்சி தொடங்கியதும் அதே இரவுதான். “அவங்க கடை திறக்கிற அன்னைக்கு, பொறாமையில் பிபிசிக்காரங்க எங்க பொண்ணைக் கொன்னுட்டாங்க” என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

* * *

அக்கா, நான் பழைய வால்வு ரேடியோ செட் பழுது பார்க்கிறவன். கைக்கு வந்ததில் பிடித்தது புஷ் டிஏசி 90ஏ, 1950ஆம் வருஷ மாடல், பேக்கலைட் என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக் பெட்டி. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வு சூடாகிற வரை காத்திருக்கணும், சூடான தூசி வாசனை வரும், அப்புறம்தான் சத்தம். உங்க பாட்டி சொன்னதில் பாதிக்கு மேல், பிபிசியின் பொழுதுபோக்கு அலைவரிசையான லைட் புரோகிராமில் வந்தது. லாங் வேவில் 1500 மீட்டர், டிராய்ட்விச் கோபுரத்திலிருந்து வந்தது. அது போக ஹோம் சர்வீஸ், சாஸ்திரிய சங்கீதமும் கனமான பேச்சும் கேட்க தேர்ட் புரோகிராம். இதுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு பவுண்டு லைசென்ஸ்.

இந்த மாடலை வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்திலேயே (சேசிஸ்) கரண்ட் இருக்கலாம். குமிழ் கழன்றிருந்தா அந்தத் தண்டை வெறும் கையால் தொடாதீங்க. அழகா இருக்குன்னு ஷெல்ஃபில் வச்சுட்டுப் பிள்ளைகளை விளையாட விடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பதறுது.

* * *

பிபிசியையே எல்லாரும் சொல்றீங்க, ராத்திரியில் கேட்கிற ரேடியோ லக்சம்பர்க் நிலையத்தை விட்டுட்டீங்களே! பிரிஸ்டலில் டாக்ஸி ஓட்டுறேன். என் வண்டியில் ஏறுற பெரியவங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். 208 மீட்டர், இருட்டினால்தான் எடுக்கும், அதுவும் அலை மாதிரி ஏறி இறங்கும். பிபிசியில் கிடைக்காத பாப் பாட்டு, பிபிசியில் இல்லவே இல்லாத விளம்பரம். அந்த விளம்பரத்தில் ஹோரஸ் பேச்சலர்னு ஒருத்தர். ஃபுட்பால் பூல்ஸில், அதாவது கால்பந்து ஆட்ட முடிவுகளை வச்சுக் கட்டுற பந்தயத்தில், பணம் ஜெயிக்க வழி சொல்லித் தர்றேன்னு சொல்லி, கீன்ஷம் ஊர் விலாசத்துக்கு எழுதச் சொல்வார். கேட்கிறவங்க தப்பா எழுதிடக் கூடாதுன்னு ஊர்ப் பேரை ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்திச் சொல்வாராம்.

பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் நடுவில்தான் அந்த ஊர். எழுபது எழுபத்தைந்து வயசுக்காரங்க பின் சீட்டில் இருந்தா, பெயர்ப்பலகை வந்ததும் நான் வாயைத் திறக்கவே மாட்டேன். அவங்களே ஆரம்பிச்சிடுவாங்க: கே… ஈ… ஒய்… என்… எஸ்… எச்… ஏ… எம்.