ஹனோய் கோபுரத்தில் ஏஐ ஏன் தடுமாறுகிறது?

கிளிநொச்சிப் பொடியன்:
உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறேன். என் கணக்குகளை மளமளவெனச் செய்கிற ஏஐ, ஹனோய் கோபுரப் புதிரில் (பெரிய தட்டைச் சிறியதன் மேல் வைக்காமல், ஒவ்வொன்றாக எல்லாத் தட்டுகளையும் மூன்று கம்பங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது) தட்டுகளைக் கூட்டிக் கொடுத்தால் நடுவில் குழம்பிவிடுகிறது. விதி மாறவில்லையே, ஏன்?

முல்லை அண்ணா:
தம்பி, 3 தட்டுக்கு 7 நகர்வு, 10 தட்டுக்கு 1023. அடுத்த சொல்லைத் துண்டு துண்டாக ஊகித்துக்கொண்டே எழுதுகிற ஏஐக்கு இடையில் ஒன்று பிழைத்தால் மிச்சமும் பிழைதான். 2025இல் ஆப்பிள் ஆய்வாளர்கள் இதே புதிரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் விடைகள் அப்படியே சரிந்தன.

வவுனியா ரீச்சர்:
அதை வைத்து ஏஐக்கு யோசிக்கவே தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். அதே ஆண்டு சர்வதேச கணித ஒலிம்பியாட்டின் 6 வினாக்களில் 5ஐக் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஏஐ தீர்த்தது. நகர்வுகளை ஒவ்வொன்றாகக் கேட்காமல், புதிரைத் தீர்க்கும் கணினி நிரலை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

கிளிநொச்சிப் பொடியன்:
சரி ரீச்சர், கரண்ட் நிற்காவிட்டால் இன்றிரவே பைத்தன் நிரல் மொழியில் எழுதச் சொல்லிப் பார்க்கிறேன்.