வெயிலில் நின்றுவிடும் ஃபியட் 1100: பழைய பம்ப்பை மாற்றாமல் தீர்வு உண்டா?

எங்கள் அப்பச்சி 1970-இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட், மூன்று மாதங்களாக நண்பகல் வெயிலில் ஓட்டும்போது வழியிலேயே நின்றுவிடுகிறது. 1089 சிசி எஞ்சின். கேம்ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். கானாடுகாத்தானிலிருந்து காலை 7 மணிக்குப் புறப்பட்டால் தேவகோட்டை வரை எந்தக் குறையுமின்றி ஓடுகிற கார், அதே சாலையில் பகல் 1 மணிக்குத் திரும்பும்போது காரைக்குடியைத் தாண்டுவதற்குள் திணறி நின்றுபோகிறது. அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. வெப்பமானி முள் இயல்பான இடத்திலேயே இருக்கிறது.

ஸ்பார்க் உண்டாக்கும் காயில், கண்டென்சர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. கார் நின்ற நேரத்திலும் ஸ்பார்க் நன்றாகவே வருகிறது. பம்ப்பினுள் பெட்ரோலை இழுக்கும் சவ்வான டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் புதியவை. டேங்க்குக்குள் காற்று நுழையாமல் பெட்ரோல் வருவது தடைபடுகிறதோ என்று அதன் மூடியைத் தளர்த்தியும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினால் மட்டும் விரைவில் உயிர் வருகிறது என்பதால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கருதுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்னிடமுள்ள புதிய காரில் எல்லா மின்னணு வசதிகளையும் மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்டியரிங் தண்டிலேயே கியர் மாற்றும் இந்தக் காரை, அப்பச்சி ஓட்டிய நிலையிலேயே காக்க விரும்புகிறேன்.

மெக்கானிக்கல் பம்ப்பை வைத்துக்கொண்டே இந்தக் கோளாறைத் தீர்த்தவர்கள், வெப்பத்தடுப்புத் தகட்டை எந்த இடத்தில், எப்படிப் பொருத்தினீர்கள்?