இரணைமடுவுக்குப் பறவை பார்க்கப் போய் நீர்க்காகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்

கிளிநொச்சி_அப்பா (மார்கழி கடைசிக் கிழமை)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கிளிநொச்சியில். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் வலசைப் பறவைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார், அன்றைக்குத் தொடங்கியது, வீட்டில் இப்போது வேறு கதையே இல்லை. சைபீரியாவிலிருந்து தாரா வருமாம், பூநாரை வருமாம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வருகிறதை நாங்களே பார்க்காமல் இருக்கிறோமாம். சரி என்று போன ஞாயிறு மோட்டார் சைக்கிளில் இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளென எழும்பி என்றுதான் திட்டம், ஆனால் தேத்தண்ணி குடித்து வெளிக்கிட்டுக் குளக்கட்டில் ஏறும்போது ஏழரை.

குளம் முட்ட முட்டத் தண்ணீர், வான் பாய்கிறது (நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே வழிகிறது), பார்க்க வடிவுதான். பறவை என்று பார்த்தால் நீர்க்காகம், நாலைந்து வெள்ளைக் கொக்கு, தூரத்தில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது, அது தாராவோ மரக்கட்டையோ தெரியாது. தலைக்கு மேலால் ஒரு கூட்டம் விசிலடித்துக்கொண்டு போனது, அதுவும் கறுப்பாகத்தான் தெரிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கேட்பது: இடம் பிழையா, நேரம் பிழையா, காலம் பிழையா? வடமாகாணத்திலேயே பெரிய குளத்தில் பறவை இல்லையென்றால் வேறு எங்கே போவது? அப்புறம் பைனாகுலர் ஒன்று வாங்க நினைக்கிறேன், கடையில் சின்னதாக ஒன்று காட்டினார்கள், 10×25 என்று எழுதியிருக்கிறது. போதுமா?

---

வவுனிக்குளத்து_ஐயா

தம்பி, வான் பாய்கிற குளத்தில் பறவை தேடினால் நீர்க்காகம்தான் கிடைக்கும். அது முங்கி மீன் பிடிக்கிற சாதி, அதற்கு ஆழம் ஒரு பொருட்டில்லை. மற்றவை அப்படியா? கொக்குக்கும் நாரைக்கும் கால் நிலத்தில் படவேண்டும். உள்ளானுக்குச் சேறு வேண்டும். தாராவிலும் பாதி, தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு மேய்கிறவை, அதற்கு முழங்கால் தண்ணி போதும், அதற்கு மேல் ஆழமானால் அடி எட்டாது. இரணைமடு நிரம்பினால் துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற மதகடியில், 30 அடிக்கு மேல் தண்ணீர். நீங்கள் நின்றது சரியாக அந்த இடத்தில்.

நான் நாற்பது வருசமாகக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன், பறவை படித்தவன் இல்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். கட்டில் நின்று பார்க்காதேயுங்கள். கட்டு, தண்ணீரை மறிக்கிறதற்குக் கட்டினது. பறவை நிற்பது மற்றப் பக்கம், அலைகரையில். காட்டோரம் தண்ணீர் ஏறி, புல்லும் பற்றையும் பாதி தாண்டு நிற்கிற இடம். அங்கே ஒரு சாண், இரண்டு சாண் ஆழம்தான். மழை விட்டுத் தை பிறந்து வான் நின்று, வயலுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க அலைகரை ஒவ்வொரு கிழமையும் உள்ளே உள்ளே இறங்கும். இறங்குகிற தண்ணீரின் ஓரத்தில் புதுச் சேறு, அந்தச் சேற்றில் புழு, நத்தை, ஒதுங்கிப்போன மீன்குஞ்சு. பறவையும் அந்த விளிம்போடேயே இறங்கி வரும். மாசி, பங்குனியில் வந்து பாருங்கள், நத்தைகுத்தியும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஒரே இடத்தில் சந்தை மாதிரி நிற்கும்.

ஆனால் அலைகரைக்குக் காலையில் தனியாகப் போகவேண்டாம். யானை அந்த நேரம் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற நேரம், பனியில் பத்து யார் தள்ளி நின்றாலும் தெரியாது. ஊர்க்காரர் யாரையாவது, தோணி விடுகிறவர்களைக் கேட்டுப் போங்கள். முதலையும் இருக்கும், பிள்ளையைத் தண்ணீரோரம் இருக்கவிடவேண்டாம்.

---

மன்னார்க்_காத்து

ஐயா சொன்னது முழுக்கச் சரி, நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன் அண்ணை. நீங்கள் பார்த்த எல்லாம் கறுப்பாகத் தெரிந்ததற்குப் பறவை காரணமில்லை, சூரியன்தான் காரணம். இரணைமடுவின் கட்டு குளத்தின் வடக்குப் பக்கம். கட்டில் நின்றால் நீங்கள் தெற்கே பார்க்கிறீர்கள். மார்கழி, தை மாதத்தில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்காது, தென்கிழக்கில் உதிக்கும். அதாவது ஏழரைக்கு வெயில் உங்கள் இடக்கண்ணுக்குள் குத்துகிறது, பறவையின் முதுகுப் பக்கம்தான் வெளிச்சம், உங்களுக்கு நிழல்தான் மிச்சம். அடுத்தமுறை கட்டின் கிழக்கு முனைக்குப் போய், வலக்கைப் பக்கம், மேற்கே பாருங்கள். அதே பறவை நிறத்தோடு தெரியும். எந்தக் குளத்துக்குப் போனாலும் விடியவில் கிழக்குக் கரை, பின்னேரத்தில் மேற்குக் கரை. இது தெரியாமல் நான் இரண்டு வருசம் நிழற்படம் பார்த்தவன்.

விசிலடித்துக்கொண்டு போனது அநேகமாகச் சீழ்க்கைத்தாரா. அது வெளிநாட்டுக்காரன் இல்லை, வருசம் முழுக்க இங்கேதான், மரப்பொந்தில் முட்டையிடும். வன்னியில் அதிகம் காண்கிற தாரா அதுதான்.

சைபீரியாத் தாரா வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். ஊசிவால் தாரா, நீலச்சிறகி, நாமத்தலைத் தாரா மூன்றும் வங்காலைச் சரணாலயத்திலும் மன்னார்ப் பாலத்தடியிலும் கட்டுக்கரைக்குளத்திலும் தை மாதம் நன்றாகத் தெரியும். வங்காலை 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் அந்தப் பக்கம்தான். அது உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து வைத்து வடிகட்டித் தின்னும் பறவை, இரணைமடுவில் அதை எதிர்பார்க்க வேண்டாம். மத்திய ஆசியாப் பாதையால் இறங்கி வருகிற பறவைக்கு இலங்கைதான் கடைசி நிலம், இதற்குத் தெற்கே கடல்தான், அதனால் வந்தது இங்கேயே தங்கும், சித்திரையோடு திரும்பும்.

மகளுக்கு ஒரு விசயம் முதலே சொல்லிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து இறங்குகிற ஆண் தாரா புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி இருக்காது. இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்துப் பெட்டை மாதிரி மண்ணிறமாக வரும். தை, மாசி ஆகும்போதுதான் சோடனை எல்லாம் ஏறும். ஊசிவாலுக்குச் சாக்லேட் தலை, கழுத்தில் வெள்ளைக் கோடு, பின்னால் ஊசி. நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேல் விபூதி பூசின மாதிரி வெள்ளைப் பட்டை. அதுவரைக்கும் எல்லாம் ஒரே மண்ணிறக் கூட்டம், பெரிய ஆட்களே தலையைச் சொறிவார்கள்.

பைனாகுலர்: 10×25 வாங்கவேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலால் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டத்தின் அளவு. 10×25இல் 2.5 மில்லிமீற்றர், 8×42இல் 5.25. பனி மூட்டத்தில் விடிய ஆறரைக்குப் பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசம் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். 10 மடங்கு என்றால் கை நடுங்குவதும் 10 மடங்கு, பிள்ளைக்கு 8 போதும். பாரமாக இருக்கும், கழுத்துப் பட்டியை அகலமாகப் போடுங்கள்.

---

முள்ளியவளை_அக்கா

எல்லோரும் பெரிய குளமும் மன்னாரும் என்று சொல்லி அந்தப் பிள்ளையை அலைக்கழிக்கிறீர்கள். கிளிநொச்சியிலிருந்து மன்னாருக்கு விடியப் போய்ச் சேர எத்தனை மணிக்கு எழும்பவேண்டும் என்று யோசித்தீர்களா? தேத்தண்ணிக்கே ஏழரை ஆன வீடு அது. (குறை நினைக்கவேண்டாம் தம்பி, எங்கள் வீடும் அப்படித்தான்.)

நான் சொல்வது, வயலுக்கு நடுவில் தாமரையும் அல்லியும் மூடிக் கிடக்கிற சின்னக் குளம் ஏதாவது பக்கத்தில் இருக்கும். வன்னியில் அது இல்லாத ஊர் எது? அங்கே போய் அரை மணித்தியாலம் அசையாமல் இருங்கள். இலைக்கோழி தாமரை இலையில் நடக்கும், அதன் விரல் நீளத்தைப் பார்த்தாலே மகள் சிரிப்பாள். இப்போது அதற்கு நீள வால் இருக்காது, மண்ணிறமாகத்தான் நிற்கும், மழைக்காலம் போய் முட்டையிடுகிற காலத்தில்தான் அந்த வால் வரும். முட்டையை அடைகாப்பது ஆண், பெட்டை அடுத்த மாப்பிள்ளை தேடிப் போய்விடும். இதை என் அவருக்குச் சொன்னபோது அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நீலத் தாழைக்கோழி, குள்ளத்தாரா, சிவப்பு மூக்கு ஆட்காட்டி, மீன்கொத்தியில் மூன்று வகை, எல்லாம் இருபது யாருக்குள். பைனாகுலரே தேவையில்லை. தை கடைசியில் காலபோக நெல் வெட்டு தொடங்கினால் இன்னும் விசேசம், வெட்டு மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வெள்ளை வேட்டி விரித்த மாதிரி வரும், கம்பியில் கரிக்குருவி வரிசையாகக் காத்திருக்கும். அந்தக் கரிக்குருவி எங்கள் பக்கத்துக்குரியது, தெற்கில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவென்றே இங்கே வருகிறார்கள்.

வெளிக்கிடும்போது வீட்டு வாசலிலேயே காதைக் கொடுங்கள். விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரமாக ஒன்று கூப்பிடும். ஆறுமணிக் குருவி. அதுவும் இந்தியாவிலிருந்து வந்து பனிக்காலம் முடியப் போகிற விருந்தாளிதான். சைபீரியா சைபீரியா என்று தேடுகிற பிள்ளைக்குக் கோடிக்குள் நிற்கிற விருந்தாளியையும் காட்டுங்கள்.

---

மன்னார்க்_காத்து

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசிவால் தாரா ஆயிரக்கணக்கில் ஒன்றாக எழும்பும்போது வரும் சத்தத்தை உங்கள் தாமரைக்குளம் தராது 😀

கிளிநொச்சிக்குக் கிட்ட உவர்நீர்ப் பறவை வேண்டுமென்றால் சுண்டிக்குளம். இரணைமடுவில் வான் பாய்கிற தண்ணீர் கனகராயன் ஆற்றால் போய் விழுகிற களப்பு அது. 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. பூநாரை, கருவால் மூக்கன், ஆலா வகைகள் எல்லாம் உண்டு. ஆனால் தண்ணீர் வடிய வேண்டும், இப்போது போகவேண்டாம், தை கடைசிக்குப் பிறகு. போனால் பாவிக்கிற பாதையை விட்டு இறங்காதேயுங்கள். மிதிவெடி கவனம் என்று மண்டையோட்டுப் பலகை நின்ற இடம், இப்போது எடுத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னாலும், பறவைக்குப் பின்னால் கண்ணை மேலே வைத்துக்கொண்டு நடக்கிற ஆளுக்கு அது சரியான இடமில்லை. என்னை ஒரு காவலரணில் பைனாகுலரோடு மறித்து முக்கால் மணித்தியாலம் வைத்திருந்தார்கள். கடைசியில் போனில் இருந்த செண்டுத்தாராப் படத்தைக் காட்டினேன், அதன் மூக்கில் இருக்கிற புடைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டார்கள். அதிலிருந்து முதலே போய்ச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவது.

---

கிளிநொச்சி_அப்பா

எல்லோருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன், மகள் "விபூதித் தாரா" என்று பெயரே வைத்துவிட்டாள். தையில் எழுதுகிறேன்.

---

கிளிநொச்சி_அப்பா (மாசி முதல் கிழமை)

சொன்னபடி எழுதுகிறேன், பிந்தியதற்கு மன்னிக்கவும், வயல் வேலை.

முதல் அக்கா சொன்னதைச் செய்தோம், ஏனென்றால் அதுதான் லேசு. வீட்டிலிருந்து ஒரு கட்டை தூரத்தில் ஒரு குளம், நான் சின்ன வயதில் மாடு குளிப்பாட்டின குளம். ஆறு மணிக்கே போய்விட்டோம், பிளாஸ்கில் தேத்தண்ணி. பனி மூடி ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். மகள் கொப்பியில் சத்தத்தை எழுதினாள், "தகரம் தட்டுகிற மாதிரி", "கிழவி இருமுகிற மாதிரி" என்று. ஏழு மணி தாண்டிப் பனி மெல்ல எழும்ப எழும்ப அவள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆளைத் தேடினாள். கிழவி இருமினது தாழைக்கோழி. அவ்வளவு நீலத்தில் அவ்வளவு பெரிய கோழி நான் மாடு கழுவின குளத்தில் நின்றிருக்கிறது, நான் கண்டதில்லை. கண்டிருப்பேன், பார்த்ததில்லை.

பிறகு போன ஞாயிறு, தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து, ஐயா சொன்ன அலைகரைக்கு. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. நாரை எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டோம். நீலச்சிறகி பதினொன்று, அதில் விபூதி பூசினது நாலு. மன்னார்த் தம்பி, 8×42 இரண்டாங்கையாகக் கிடைத்தது, நீங்கள் சொன்னது உண்மை, கடைக்காரரிடமே அந்தப் பிரித்தல் கணக்கைச் சொல்லிக் காட்டினேன்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. பருந்து அளவு, வயிறு வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு தொபுக்கென்று விழுந்தது, முழுதாக முங்கி ஒரு மீனோடு எழும்பியது. பறக்கும்போது மீனைக் குறுக்காக வைத்திருக்கவில்லை, தலை முன்னால் பார்க்கிற மாதிரி நேராகத் திருப்பி வைத்திருந்தது. தோணிக்காரர் "அது எங்கள் போட்டிக்காரன்" என்றார், பெயர் கேட்டால் சிரிக்கிறார். செம்பருந்து இல்லை, அது எங்களுக்குத் தெரியும்.

---

மன்னார்க்_காத்து

விராலடிப்பான் அண்ணை! மீனை அப்படி நேராகத் திருப்பிப் பிடிப்பது காற்று மறிக்காமல் இருக்க. அதுவும் பனிக்கால விருந்தாளிதான். எனக்கு அது முதல்முதல் கிடைக்க மூன்று வருசம் போனது, உங்கள் மகளுக்கு மூன்றாவது ஞாயிறே. கொப்பியில் திகதி, இடம், நேரம் போட்டு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தையிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அடுத்த தையில் கட்டுக்கரைக்குளத்தில் எண்ணும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், எண்ணுவதற்கு ஆள் எப்போதும் காணாது.

---

வவுனிக்குளத்து_ஐயா

நாரையை அறுபதோடு ஏன் விட்டீர்கள்? அடுத்தமுறை பத்துப் பத்தாக எண்ணச் சொல்லு பிள்ளைக்கு. நெல்லு மூட்டை எண்ணுகிற மாதிரி.