பட்டாளத்து வண்டியின் பழைய பெயிண்டைச் சுரண்டலாமா?

செங்கல்பட்டிலிருந்து:

திருவொற்றியூரில் செய்து ராணுவத்துக்குப் போன 350 சிசி என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று 2009-இல் என்னிடம் வந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து இரண்டு கை மாறிய வண்டி. மேலே கறுப்பு பெயிண்ட். கீறல் விழுந்த இடங்களில் ஆலிவ் பச்சை தெரிந்தது. புதுசு போல மின்ன வேண்டும் என்பது ஒன்றுதான் அன்று என் ஆசை. ஒரு பட்டறையில் விட்டேன். பெயிண்டை உரிக்கும் மருந்தைப் பூசி, வெறும் தகரம் தெரிகிற வரைக்கும் சுரண்டும் வேலை.

பாதி வேலையில் பார்க்கப் போனேன். பின் மட்கார்டில், கறுப்புக்கு அடியில், வெள்ளையில் மேல்நோக்கிய அம்புக்குறி. அதையடுத்து ஏதோ எண்கள். ராணுவ வண்டி எண்ணில் அந்த அம்புக்குப் பக்கத்தில் வரும் இரண்டு இலக்கம்தான் வண்டி எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்று சொல்லும். அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் கேமராவோடு போனேன். மட்கார்டு பளபளவென்று இருந்தது. எண் போய்விட்டது. ஒரு நாள் தாமதித்தது என் தப்பு. அந்த வண்டி எந்த ஆண்டில் சேவைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரோமும் பவுடர் கோட்டிங்கும் சேர்த்து அழகாகத்தான் வந்தது, ஆனால் ஓட்டும்போதெல்லாம் அந்த அம்புதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது புல்லட்டை வேறு மாதிரி செய்தேன். ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியதை எல்லாம் மாற்றினேன்: டயர், பிரேக் ஷூ, கேபிள்கள், வயரிங். (பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதவே ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.) கழற்றிய பாகங்களைச் சீட்டு கட்டி ஒரு பெட்டியில் வைத்தேன். மேல் பெயிண்டை மட்டும் சோப்புத் தண்ணீரும் 1500 நம்பர் வாட்டர் பேப்பரும் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள்) வைத்து, ஞாயிறுக்கு ஓர் உள்ளங்கை அகலம் என்று தேய்த்தேன். நாலாவது மாதம் எண் முழுதாக வெளியே வந்தது. தூரிகையால் எழுதியது, கடைசி இலக்கம் இடம் போதாமல் நெருக்கியடித்து நின்றது. எழுதினவருடைய கையை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

கோவென்ட்ரியிலிருந்து:

அண்ணா, நான் பி.எஸ்.ஏ. எம்20 என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்த கதையைச் சொல்கிறேன். பக்கத்தில் பர்மிங்காமில் செய்த 500 சிசி சைடு வால்வ் வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக ஏறத்தாழ 1,26,000 செய்தார்கள். ஒரு கிழவர் கொட்டகையில் வைத்திருந்தார். ஹேண்டில்பார் பிடியில் ரப்பர் இல்லை, அழுக்கேறிய கான்வாஸ் துணி. கால் வைக்கும் இடமும் வெறும் இரும்பு. யாரோ ஒட்டுப்போட்டது என்று நினைத்து, நல்ல ரப்பர் பிடி வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார்.

1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் பிரிட்டனுக்கு ரப்பர் வரத்து பெருமளவு குறைந்துபோனது. அதனால் தொழிற்சாலையே துணிப் பிடியோடு அனுப்பிய வண்டிகள் அவை. என் பூட்டன் மலாயாத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். புது ரப்பர் போட்டிருந்தால் எனக்கு அது வெறும் பழைய மோட்டார் சைக்கிள்.

கோவையிலிருந்து:

உங்கள் இருவர் கண்ணிலும் நல்ல வண்டி பட்டிருக்கிறது. எனக்கு வந்ததில் சேசிஸ் துரு தின்று, டேங்க் ஓட்டையாகி, எஞ்சின் வேறு வண்டியுடையது. இதில் எதைக் காப்பாற்றுவது? ராணுவப் பட்டறையிலேயே எஞ்சினை மாற்றுவார்கள், மேலுக்கு மேல் பச்சை அடிப்பார்கள். எந்தப் பூச்சு அசல் என்று யார் சொல்வது? நான் முழுசாகப் பிரித்து, வெல்டிங் வைத்து, மேட் பச்சை அடித்து ஓட்டுகிறேன். இல்லாவிட்டால் எடைக்குத்தான் போயிருக்கும்.

செங்கல்பட்டிலிருந்து:

தம்பி, அது சரிதான். சேசிஸ் போன வண்டியைப் பிரிக்காமல் ஓட்ட முடியாது; உயிருக்கு ஆபத்து. ஆனால் பட்டறைக்காரர் அடித்த பச்சையும் அந்த வண்டி வாழ்ந்த காலத்தைச் சேர்ந்ததுதானே? அடுத்த வண்டி கிடைத்தால் மருந்து பூசுவதற்கு முன்னால் சீட்டுக்கு அடியிலும் டூல் பாக்ஸுக்கு உள்ளேயும் தேய்த்துப் பாருங்கள். வெயில் படாத இடம் என்பதால் நிறம் அங்கேதான் மங்காமல் இருக்கும். டேங்கை மாற்றினாலும் ஓட்டை டேங்கை எடைக்குப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, இன்னும் இருக்கிறதா?