விண்ணப்பத்தில் ஆதார் எண் கேட்டால் வேறு எண்கள் வருகின்றன, எப்படிக் கேட்பது?

மேகலா:
எங்கள் ஊர் அறக்கட்டளை கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. இந்த வருடம் விண்ணப்பம் ஆன்லைனில். "அடையாள எண்ணை உள்ளிடவும்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். ரேஷன் கார்டு எண், வாக்காளர் அட்டை எண், ஆதார் கடிதத்தின் தலையில் இருக்கும் பதிவு எண் என்று எல்லாம் வருகிறது. ஆதாரையே சரியாக அடித்தாலும், இடையில் இடைவெளி விட்டால் "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் காட்டித் திருப்புகிறது. பாதிப் பிள்ளைகள் அதோடு விட்டுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

செந்தில்:
எந்த எண், அட்டையில் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். "ஆதார் எண். 12 இலக்கம். அட்டையின் முன்பக்கம், கீழே பெரிய எழுத்தில் இருக்கும்." பல அட்டைகளில் அதை ஒட்டியே 16 இலக்க விஐடி எண்ணும் (ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரக்கூடிய மாற்று எண்) அச்சாகியிருக்கும், பலர் அதைத்தான் அடிப்பார்கள். 16 இலக்கம் வந்தால் "இது விஐடி எண், அதற்கு மேலே உள்ள 12 இலக்க எண்ணைத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அட்டையிலேயே நான்கு நான்காகப் பிரித்துத்தான் இருக்கிறது, மக்கள் அப்படியே அடிப்பார்கள். இடைவெளியை நிரல் நீக்கிக்கொள்ளட்டும். ஆதாரின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அதாவது முந்தைய இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிட்டது. நிரல் அதைச் சோதித்தால், ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும்.

ஃபாத்திமா:
அதெல்லாம் சரி, மேகலா. ஆதார் எதற்கு என்று முதலில் சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியார் ஆதாரைப் பயன்படுத்த இடம் தந்த பகுதியை ரத்து செய்துவிட்டது. அறக்கட்டளை கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது.

மேகலா:
ஒரே மாணவர் இரண்டு முறை விண்ணப்பிக்கக் கூடாது, அவ்வளவுதான் அக்கா.

ஃபாத்திமா:
அப்படியென்றால் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் உள்ள நிரந்தரப் பதிவெண் போதும். "இரண்டு விண்ணப்பங்கள் வராமல் பார்க்க மட்டும் இதைக் கேட்கிறோம்" என்று கட்டத்துக்கு மேலேயே எழுதுங்கள். வேறு மாநிலத்தில் படித்தவர்களுக்கு "இந்த எண் இல்லை" என்ற தேர்வும் வேண்டும். நேர்காணலில் ஆள் அடையாளம் பார்க்க ஏதாவதொரு அட்டையைக் காட்டினால் போதும், நகல் வாங்கி வைக்காதீர்கள். ஆதார் நகல்தான் தருவேன் என்பவரிடம் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேளுங்கள்.

செந்தில்:
ஆமாம், இதுதான் சரி. ஏற்கெனவே வந்த ஆதார் எண்களையும் அழித்துவிடுங்கள் மேகலா, எக்செல் தாளில் எடுத்து வைத்ததையும் சேர்த்து.