நாலு வயசுக் குதிரை, முதல் ஜம்பிங் கிளாஸ்: போறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்?

அரிசிலாற்றங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். கத்தியவார் கலப்புப் பெண் குதிரை, நாலு வயசு, 14.2 கை உயரம் (நாலடி பத்து அங்குலம்), எடை சுமார் 350 கிலோ. வாக் (நடை), டிராட் (மெது ஓட்டம்) நல்லா போறா. கேன்டர்ல (பாய்ச்சல்) இன்னும் வேகம் கட்டுப்படல. மாசிக் கடைசில தஞ்சாவூர் பக்கம் ஒரு ஜம்பிங் கிளாஸுல இடம் கிடைச்சிருக்கு, 40 கிலோமீட்டர் தூரம். தாண்டுறது எனக்கும் புதுசு, அவளுக்கும் புதுசு.

ரெண்டு முழ வாய்க்காலை யோசிக்காம தாண்டுறவ, தரையில ஒரு கம்பு கிடந்தா நாலடி முன்னாடியே நின்னு மூக்கால ஊதுறா. அவ நின்னதும் எனக்குக் கை இறுகிடுது, லகானை இழுத்துடறேன். இந்த வயசுல தாண்ட விடலாமா? வீட்டுல என்ன பழக்கிட்டுப் போகணும்? எந்த வண்டியில ஏத்துறது? என் பயத்துக்கு என்ன வழி? அறுப்பு முடிஞ்ச வயல் காலியா கிடக்கு, அங்கேயே பழக்கலாமா?

நாலுகால்பாய்ச்சல்:

நாலு வயதில் தாண்டவே கூடாது என்றில்லை, அளவுதான் விஷயம். காலின் கீழ்ப்பகுதி எலும்புகள் இரண்டு வயதுக்கு முன்பே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். முதுகெலும்பு முடிக்க ஐந்து, ஆறு வயதாகும். அதனால் வாரம் ஒருநாள், இருபது நிமிடம், மொத்தம் பன்னிரண்டு பதினைந்து தாண்டல், உயரம் ஒன்றரை அடிக்குள். இந்த வருடம் இதற்குமேல் வேண்டாம். நன்றாகத் தாண்டுகிறது என்று கண்டால் உயரம் ஏற்றிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும், இளம் குதிரைகளின் கால் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வாய்க்கால் புதிருக்கு வருவோம். வாய்க்கால் ஓரத்தில் நீங்கள் லகானைத் தளர்த்தி விடுகிறீர்கள், அவள் தலையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுத் தாண்டுகிறாள். கம்பு வந்தால் லகானை இழுக்கிறீர்கள், தலை மேலே போகிறது. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலும் பார்வை கிடையாது. தலை நிமிர்ந்து நின்றால் பக்கத்தில் கிடக்கும் கம்பு அந்த இருட்டுக்குள் போய்விடும். போதாததற்கு, பழுப்பு மண்ணில் பழுப்புக் கம்பு! குதிரையின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. கம்பை வெள்ளை அடியுங்கள்.

கம்புக்கு நம் பக்கம் சவுக்கு மரத்தைவிட நல்லது எதுவும் இல்லை. பத்து, பதினோரு அடி நீளம், நாலு அங்குலத் தடிமன், பட்டை உரித்து, கணு சீவி, முனையை உருட்டி, இரண்டடிக்கு ஒரு வெள்ளைப் பட்டை. மூங்கில் பிளந்தால் கத்தி மாதிரி நிற்கும். பிவிசி பைப் இலேசாக இருப்பதால் குதிரை அதை மதிக்காது, காலில் பட்டதும் உருண்டு அடுத்த காலுக்கு அடியில் வரும். சவுக்கும் உருளும்தான், எனவே இரு முனையிலும் மண்ணைக் குவித்து அணை கொடுங்கள். தாண்டுவதற்குத் தூக்கி வைக்கும் கம்பை எதிலும் கட்டக் கூடாது, இடித்தால் விழ வேண்டும்.

முதலில் ஒரே ஒரு கம்பு. நீங்கள் ஏறாமல் கையில் பிடித்து, தளர்ந்த கயிற்றில் அதன்மேல் நடத்துங்கள். முகர்ந்து பார்க்கட்டும், காலால் தட்டட்டும். இரண்டு பக்கமிருந்தும் நாலைந்து தடவை. மறுநாள் ஏறி அதையே. அப்புறம் மூன்று கம்பு. இரண்டு வைக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தாவலாகத் தாண்டப் பார்க்கும். நடைக்கு இடைவெளி இரண்டே முக்கால் முதல் மூன்று அடி. டிராட்டுக்கு இவள் உயரத்துக்கு நாலு முதல் நாலேகால் அடி. எழுதி வைத்த அளவைவிடக் குளம்புத் தடத்தை நம்புங்கள்: தடம் இரு கம்புக்கும் சரிநடுவில் விழ வேண்டும். இடையில் கூடுதலாக ஒரு காலடி வைத்தால் இடைவெளி அதிகம். தடம் அடுத்த கம்பை ஒட்டியே விழுந்தாலோ குளம்பு கம்பில் இடித்தாலோ குறைவு.

இது சலனமில்லாமல் நடந்தால் மட்டும் குறுக்குக் கம்பு: இரண்டு கம்பை எக்ஸ் போலச் சாய்த்து, நடுவில் ஒரு அடி உயரம். அதற்கு எட்டு முதல் ஒன்பது அடி முன்னால் தரையில் ஒரு கம்பு. டிராட்டில் வந்தால் இந்தத் தரைக் கம்பே அவளைச் சரியான இடத்தில் எழும்ப வைக்கும், நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. கேன்டரில் கொண்டு போகாதீர்கள்.

கைக்கு மருந்து கழுத்து வார். பழைய அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) வார் ஒன்றைக் கழுத்தில் தளர்வாக மாட்டி, கம்புக்கு நாலைந்து அடி முன்னாலேயே இரு கை ஆள்காட்டி விரலையும் அதற்குள் விடுங்கள். இளம் குதிரை ஒரு அடிக் கம்புக்கு மூன்றடி எழும்பும். அப்போது பின்னால் சாய்கிறவர் பிடிப்பது அவள் வாயைத்தான். ஒரு தாவலில் வாயில் இழுபட்டால் அடுத்த தாவலில் நின்றுவிடுவாள், அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்து அடிப்பார்கள். வார் இருந்தால் இழுப்பு கழுத்தோடு போகும். அங்கவடியை இரண்டு மூன்று துளை ஏற்றுங்கள், இருக்கையிலிருந்து சற்று எழுந்து குதிகாலைத் தாழ்த்துங்கள். கண் கம்பில் வேண்டாம், அதற்கு நேர் பின்னால் நிற்கும் ஒரு தென்னையில் இருக்கட்டும்.

மூச்சு நின்றால் உடம்பு விறைக்கும், குதிரை அதை முதுகில் உணரும். டிராட்டில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். எண்ணுகிறவர் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. கூச்சம் பார்க்க வேண்டாம்.

வண்டல்மண்:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்த வயலுக்குள்ள இறக்கிடாதீங்க. மாசில நம்ம களிமண் காய ஆரம்பிச்சா விரல் நுழையுற வெடிப்பு, பங்குனில கை நுழையும். குளம்பு ஓரம் அதுல மாட்டித் திரும்புனா தசைநார் போச்சு. மிஷின் அறுத்த தாள் வேற அரையடிக்குக் குத்திக்கிட்டு நிக்கும், மேல பார்த்தா தெரியாம ஓரத்துல வரப்பும் மிஷின் போன பள்ளமும் இருக்கும்.

தென்னந்தோப்பு ஓரம், படுகை நிலம், கோயில் திடல் மாதிரி மணல் கலந்த இடமாப் பாருங்க. இருபதுக்கு நாற்பது மீட்டர் போதும். டிராட் போன தடத்தைப் பாருங்க: குளம்பு ஒரு அங்குலம் பதிஞ்சிருந்தா நல்ல தரை. தடமே விழலன்னா இறங்குறப்போ மூட்டு வாங்கும், நாலு அங்குலம் புதைஞ்சா நார் இழுத்துக்கும். ஆத்து மணலை அள்ளிக் கொட்டிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அதுக்கு வேற கேஸ் இருக்கு.

வண்டி: குட்டியானை (டாடா ஏஸ்) வேண்டவே வேண்டாம். எடை தாங்கும், ஆனா கூடு ஏழடி சொச்சம்தான், குதிரை நின்னா பாரம் மேல இருக்கும், வளைவுல வண்டியே ஆடும். பொலிரோ பிக்கப், இல்லன்னா டாடா 407 லாரி. தகரத் தரையில கயிற்றுப் பாய் விரிச்சு மேல நாலு அங்குலத்துக்கு வைக்கோல். வெறும் வைக்கோல் மட்டும் போட்டா மூத்திரம் பட்டதும் வழுக்கும். பின்னாடி கதவுக்கு உள்பக்கம் ரெண்டு தடி மூங்கிலைக் குறுக்கே கட்டுங்க. தலைக்கயிறை நேரா இரும்புல கட்டாதீங்க. இரும்புல ஒரு சணல் வளையம் போட்டு அதுல இழுத்தா அவிழுற முடிச்சா கட்டுங்க, பயந்து பின்னாடி சாஞ்சா சணல் அறுந்துடும், கழுத்து தப்பிக்கும். தலையை நெஞ்சு உயரம் வரைக்கும் இறக்க முடியுற நீளம் விடுங்க, அதுக்குமேல விட்டா முன்னங்கால் கயிறைத் தாண்டிடும்.

ஏத்துறதை கிளாஸ் அன்னைக்குக் காலையில முதல்முதலா பண்ணாதீங்க. ஒரு வாரம் முன்னாடியே வண்டியை ஒரு மேட்டு ஓரமா ரிவர்ஸ் எடுத்து, தரையும் கூடும் ஒரே மட்டத்துக்கு வரவச்சு, உள்ள தீனி வெச்சு ஏத்தி இறக்கிப் பழக்குங்க. போற இடத்துலயும் அப்படி மேடு இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. சாய்வுப் பலகை இருந்தா இன்னும் நல்லது, அதுல குறுக்குச் சட்டம் அடிச்சிருக்கணும்.

1978 விலங்குப் போக்குவரத்து விதிப்படி, பயணத்துக்குத் தகுதின்னு கால்நடை மருத்துவர் சான்று கையில இருக்கணும், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அப்போ உங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம். அஞ்சு மணிக்குக் கிளம்புனாத்தான் வெயிலுக்கு முன்னாடி ஏற முடியும். பல குதிரை சேருற இடம்ங்கறதால கிளாண்டர்ஸ்ங்கற தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனையும் டெட்டனஸ் ஊசியும் அங்கேயே கேப்பாங்க. கேக்கலன்னா நீங்க கேளுங்க, மத்த குதிரைக்குப் பண்ணியிருக்கான்னு.

இன்னொண்ணு, தோல் சாமான். ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பூஞ்சை பிடிச்ச சேணத்தைத் துடைச்சு வெச்சா மேல பளபளன்னு இருக்கும், உள்ள தையல் இத்துப் போயிருக்கும். அங்கவடி வாரை மடிச்சு முறுக்கிப் பாருங்க, விரிசல் விட்டா மாத்துங்க. வயிற்று வாரோட கொக்கித் தையலை நகத்தால நெம்பிப் பாருங்க.

மூன்றாம்மணி:

ஒரு மாற்றுக் கருத்து. சவாரிக்கும் புதுசு, குதிரைக்கும் புதுசு என்றால் அந்த ஜோடியை முதல் நாளே தாண்ட விடக் கூடாது. கோச்சிடம் முன்கூட்டியே பேசுங்கள்: முதல் வகுப்பில் உங்கள் குதிரையில் அவரோ அனுபவமுள்ள வேறு ஒருவரோ ஏறட்டும், நீங்கள் அங்கே இருக்கும் வயதான பழகிய குதிரையில் அதே கம்புகளைத் தாண்டுங்கள். மூன்றாவது நாலாவது வகுப்பில் உங்கள் குதிரைக்கு மாறலாம். ஒத்துக்கொள்ளாத கோச் என்றால் வேறு கோச் பாருங்கள்.

இல்லை, நானேதான் ஏறுவேன் என்றால்: ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கையில் பிடித்து மைதானத்தை இரு பக்கமும் சுற்றிக் காட்டுங்கள். பிறகு பதினைந்து, இருபது மீட்டர் வட்டத்தில் பத்து நிமிடம் லஞ்சிங் (நீளக் கயிற்றில் பிடித்துச் சுற்றி ஓட்டுவது). களைக்கும்வரை ஓட்டாதீர்கள், களைத்த குதிரை காலைத் தூக்காமல் கம்பில் தட்டும். ஏறுவதற்கு முன் ஒரு தடவை, ஏறிப் பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை வயிற்று வாரைப் பாருங்கள், மூச்சை உப்பி வைத்திருந்தால் பிறகு தளர்ந்திருக்கும். பயம் கூடினால் நிறுத்த கோச்சோடு ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள், "போதும்" என்றால் அந்த இடத்தில் நடைக்கு வந்துவிட வேண்டும்.

கம்பு முன்னால் நின்றால் திருப்பி வட்டம் அடிக்காதீர்கள். திரும்பினால் தப்பிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். அங்கேயே நேராக நிற்க வைத்து, பார்க்கவிட்டு, கம்பைத் தரைக்கு இறக்கி நடையில் கடத்துங்கள். இடப்பக்கமாக நழுவினால் கம்பைத் தாங்கி நிற்கும் இடப்பக்கத் தூணில் இன்னொரு கம்பைச் சாய்த்து வேலி போல வைக்கச் சொல்லுங்கள். வேகம் பிடித்து ஓடினால் அது உற்சாகம் இல்லை, பயம். தாண்டி முடித்ததும் பத்தடியில் நடைக்குக் கொண்டுவந்து, அப்புறம் அடுத்தது.

ஹெல்மெட்: பைக் ஹெல்மெட் கூடாது, கனம் அதிகம், பக்கப் பார்வையை மறைக்கும். குதிரையேற்ற ஹெல்மெட்டில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 என்ற தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். செருப்பு, கான்வாஸ் ஷூ வேண்டாம். சிறு குதிகால் உள்ள ஷூ, அதைவிட ஒரு அங்குலம் அகலமான அங்கவடி. அகலம் குறைந்தால் விழும்போது கால் சிக்கும்.

அரிசிலாற்றங்கரை:

ரொம்ப நன்றி. மூன்றாம்மணி ஐயா சொன்னதை கோச்கிட்ட கேட்டேன், முதல் ரெண்டு கிளாஸ் அவரே ஏறுறேன்னுட்டார். இன்னும் ரெண்டு சந்தேகம். தீனி இப்ப வைக்கோல், தினம் ரெண்டு கிலோ தவிடு, ஒரு கிலோ கொள்ளு, போதுமா? அவளோட வந்த கடிவாளம் முள் வெச்சது, அதோடயே போகலாமா?

கொள்ளுத்தண்ணி:

தவிடுதான் கவலை. மாட்டுக்குச் சரி, குதிரைக்கு இந்த அளவு சரியில்லை. ரெண்டு கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் முப்பது கிராம் இருக்கும், கால்சியம் ரெண்டு கிராம்தான். இந்த எடைக் குதிரைக்கு தினம் இருபது கிராம் கால்சியம் வேண்டும், பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தலைகீழாகப் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் மிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முகத்தெலும்பு உப்பும், காரணம் தெரியாத நொண்டல் மாறி மாறி வரும். அப்படிப்பட்ட காலை வைத்துத் தாண்ட வைக்க முடியாது.

தவிட்டை அரைக் கிலோவுக்குக் குறையுங்கள், ஆனால் பத்து நாளில் படிப்படியாக. சட்டென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். வைக்கோலில் பாதியை அருகம்புல்லாக மாற்றுங்கள். குதிரை மசால் கிடைத்தால் தினம் ஒரு கிலோ காய்ந்தது. கால்சைட் பவுடர் (சுண்ணாம்புக்கல் தூள்) அறுபது கிராம், உப்பு முப்பது கிராம் தீனியில் கலந்து விடுங்கள். கொள்ளு ஒரு கிலோ சரி, ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். வேலியில் சூபாபுல் மரம் இருந்தால் கடிக்க விடாதீர்கள், பிடரியும் வாலும் கொட்டிவிடும். கிளாஸ் அன்று கொள்ளை மூன்று மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டு, வண்டியில் புல் மட்டும்.

கடிவாளத்தை இன்றைக்கே கழற்றுங்கள். முள் கடிவாளத்தில் நீங்கள் பயத்தில் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் நாக்கில் குத்தும், அவள் கம்பைக் கண்டு தலை தூக்குவதில் பாதி அதனாலாகவே இருக்கலாம். நடுவில் மூட்டு உள்ள சாதா ஸ்னாஃபிள் கடிவாளம் வாங்குங்கள், பெரும்பாலும் ஐந்து அங்குலம் சரியாக வரும். மாட்டினால் வாயோரம் இரு பக்கமும் கால் அங்குலம் வெளியே தெரிய வேண்டும், உதட்டு மூலையில் ஒன்றோ இரண்டோ மடிப்பு விழ வேண்டும். மாட்டும் முன் வாயைத் திறந்து நாக்கு, உதட்டு மூலை, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள வெற்று ஈறு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை கடிவாளமே வேண்டாம், கிளாஸைத் தள்ளிப் போட்டுவிட்டு, தலைக்கயிற்றில் பிடித்துக் கம்பு மேல் நடத்துவதை மட்டும் செய்யுங்கள்.